பிரஞ்சுப் பெண்ணின் கூந்தல் யாருக்குச் சொந்தம்?

பிரஞ்சு தேசத்து இளம்பெண்கள் தலைவாரிக் கொள்ளும் மாதிரியைப் பற்றி ஒரு தலையங்கமா என்று நம் வாசகர்களில் சிலர் சிரிக்கக்கூடும். சோற்றுக்கும் வேலைக்கும் நாட்டில் இருக்கிற கஷ்டம் போதாதா, சீமைப் பெண்ணின் சீப்புக்கும் ரிப்பனுக்கும் நாம் போக வேண்டுமா என்றும் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் ஒரு பெண்ணின் தலையில் முளைத்த மயிரைப் பற்றி அவளைத் தவிர மற்ற எல்லோரும், அதாவது பாதிரியும், புருஷனும், போலீசும், வியாபாரியும், தெருக்கும்பலும் பல நூறு வருஷ காலமாக உத்தரவு போட்டு வந்திருப்பார்களேயானால், அந்த மயிர் அற்ப சங்கதியாக இருக்க முடியாது என்பதே நமது அபிப்பிராயம். அற்ப சங்கதிக்கு யாராவது சட்டம் போடுவார்களா? அற்ப சங்கதிக்காக யாராவது ஒரு பெண்ணை நடுத்தெருவில் நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தலையைச் சிரைப்பார்களா?

சமீப காலங்களில் பாரிசுக்குப் போய் வருகிற வெளிநாட்டார், அதிலும் முக்கியமாக அமெரிக்கர்களும் இங்கிலீஷ்காரர்களும், ஒரே மாதிரியான வர்ணனை ஒன்றை எழுதி வருகிறார்கள். அதாவது, பிரஞ்சு யுவதி தன் தலைக்காக மெனக்கெடுவதில்லையாம். குளித்துவிட்டு மயிரைக் காற்றில் உலர விட்டுவிடுவாளாம். நெற்றியில் கொஞ்சம் கத்தரித்துக் கொண்டு, மீதியைப் பின்னால் ஏனோதானோவென்று ஒரு முடிச்சாகப் போடுவாளாம். நாலு மயிர் காதோரம் தொங்கினாலும் கவலைப்பட மாட்டாளாம். அதிலேதான் அவளுடைய அழகும் சுதந்திரமும் இருக்கிறதாம். இதை வைத்துப் புத்தகங்கள் அச்சாகின்றன. பத்திரிகைகளில் படங்கள் வருகின்றன. கடைசியில், "மெனக்கெடாத" அந்தத் தலையை உண்டாக்குவதற்கென்றே எண்ணெயும், சோப்பும், தெளிக்கிற தைலமும் நல்ல விலைக்கு விற்கின்றன!

இவர்கள் பொய் சொல்லுகிறார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கண்ணால் கண்டதைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் கண் காண்பது மயிரை மட்டுந்தான். அந்த மயிரின்மேல் அதிகாரம் யாருக்கு என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் சட்டப் புத்தகத்தையும் சரித்திரத்தையும் புரட்ட வேண்டும். அப்படிப் புரட்டிப் பார்த்ததில் நமக்குத் தெரிய வந்ததை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

பிரஞ்சுப் பெண்களின் தலையை வெளிநாட்டார் வேடிக்கை பார்த்து எழுதுவது புதிய வழக்கமல்ல. 1718-ம் வருஷத்தில் லேடி மேரி வொர்ட்லி மாண்டேகு என்ற இங்கிலீஷ் சீமாட்டி, துருக்கியில் ஸ்தானாபதியாக இருந்த தன் புருஷனுடன் ஊர் திரும்பும் வழியில் பாரிசில் தங்கினார். அங்கே கண்ட சீமாட்டிகள் மயிரைக் கட்டையாக வெட்டி, முகத்தைச் சுற்றிச் சுருட்டிவிட்டு, அதன்மேல் வெள்ளைத் தூளை அப்பியிருந்ததைப் பார்த்து, வெள்ளைக் கம்பளி மயிரைப் போல் இருக்கிறதென்று தன் சிநேகிதிக்குக் கேலியாகக் கடிதம் எழுதினார். கேலி சரிதான். ஆனால் அந்த வெள்ளைத் தூள் எது என்று யோசித்தால் கேலி நின்றுவிடும். அது தானியத்தின் மாவுச்சத்து. சீமாட்டி தலையில் அப்பினதும், ஏழை வயிற்றுக்கு வேண்டிய ரொட்டியும் ஒரே தானியத்திலிருந்து வந்தவை. அதே நூற்றாண்டில் 1775-ல் ரொட்டி விலை ஏறி, பாரிசிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் ஜனங்கள் கலகம் செய்தார்கள். சரித்திரக்காரர்கள் அதற்கு "மாவு யுத்தம்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சமயத்தில்தான் ராணி மரி அந்துவானெத்தும் அவளைச் சேர்ந்தவர்களும், கம்பியும் பஞ்சும் வைத்துக் கட்டித் தலையைக் கோபுரம் போல் உயர்த்திக்கொண்டிருந்தார்கள்.

1793-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி அந்த ராணியைக் கில்லட்டின் எந்திரத்துக்குக் கொண்டுபோகுமுன், கத்தி தடைபடக் கூடாதென்று அவளுடைய மயிரைக் கொலையாளி கத்தரித்து விட்டான். அதற்குச் சில வருஷங்களுக்குள், பாரிசில் பெரிய இடத்துப் பெண்கள் தாங்களாகவே மயிரைக் கட்டையாக வெட்டிக்கொண்டு, அதற்குத் "தீத்தூஸ்" என்று பெயர் வைத்து நாகரிகமாக்கிக் கொண்டார்கள். இதைப் பார்த்த வெளிநாட்டான் எவனும் "ஆஹா, புரட்சி வந்தது, பெண்ணின் தலைப்பாரம் இறங்கிற்று, பெண் விடுதலையடைந்துவிட்டாள்" என்றுதான் நினைத்திருப்பான். நடந்ததோ என்ன? 1800-ல் பாரிஸ் போலீஸ் அதிகாரி ஒரு உத்தரவு போட்டார்: ஆண்பிள்ளையைப் போல் உடுத்த விரும்புகிற பெண் போலீசுக்கு வந்து அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று. 1804-ல் நெப்போலியனுடைய சட்டம் வந்தது. மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டியவள் என்று அதில் தெளிவாக எழுதி வைத்தார்கள். மயிர் குட்டையாயிற்று, விலங்கு நீளமாயிற்று. அந்தப் போலீஸ் உத்தரவு செல்லாது என்று பிரஞ்சு சர்க்கார் வாய்திறந்து சொன்னது எப்போது தெரியுமா? 2013-ம் வருஷத்தில்!

நிற்க, 1826-ம் வருஷத்தில் எகிப்து தேசத்திலிருந்து மாணவர்கள் சிலரைப் பாரிசுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு மதபோதகராகக் கூடப்போனவர் ரிஃபா அல் தஹ்தாவி என்ற வாலிபர். கெய்ரோவிலுள்ள அல் அஸ்ஹர் என்னும் பிரபலமான மதக் கலாசாலையில் படித்தவர். அஞ்சு வருஷம் பாரிசில் இருந்துவிட்டு, தான் கண்டதை 1834-ல் புத்தகமாக வெளியிட்டார். முகத்தையும் தலையையும் மூடாமல் தெருவில் நடக்கும் பெண்களைப் பார்த்து, அவர் ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது நாம் சொல்லாமலே விளங்கும். ஆனால் அவர் எழுதியதென்ன? பெண்ணின் நன்னடத்தை மூடுவதாலும் வருவதல்ல, திறப்பதாலும் போவதல்ல. அவளுக்குக் கிடைக்கிற கல்வியையும் வளர்ப்பையும் பொறுத்தது என்றார். மதக் கலாசாலையில் படித்தவர் ஒருவர் இருநூறு வருஷங்களுக்கு முன் கண்டுகொண்ட இந்த உண்மை, இன்றைக்கும் பட்டம் பெற்ற அநேகருக்கு எட்டவில்லை. தலையைப் பார்த்தவுடன் குணத்தைச் சொல்லிவிடலாமென்று நினைக்காத ஒரே காரணத்தால், வேடிக்கை பார்க்க வந்தவர்களில் இவரையே நாம் நல்ல சாட்சியாக மதிக்கிறோம்.

இன்னொரு சாட்சி தாமஸ் அடால்பஸ் டிராலப் என்ற இங்கிலீஷ்காரர். அவர் பாரிசோடு நிற்காமல் பிரிட்டனி என்னும் பிரஞ்சு நாட்டுப்புறத்தைச் சுற்றிப் பார்த்து 1840-ல் புத்தகம் போட்டார். அங்கே ஒரு சந்தையில் அவர் கண்டது, மயிர் வாங்கும் வியாபாரிகளை. குடியானப் பெண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இடுப்புவரை தொங்கும் கூந்தலை அவிழ்த்துவிட்டு வரிசையாக நிற்பார்களாம். வியாபாரி ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக, செம்மறியாட்டுக்கு மயிர் கத்தரிப்பதுபோல் ஒட்டக் கத்தரிப்பானாம். அதற்குக் கூலி சில செப்புக் காசுகள், அல்லது ஒரு சாயக் கைக்குட்டை. கத்தரித்த கூந்தல் நகரத்துக்குப் போய், சீமாட்டிகளின் சவுரியாகவும் டோப்பாவாகவும் உட்காரும். அந்த நாட்டுப்பெண்கள் மயிர் தெரியாமல் எப்போதும் தொப்பி போட்டிருப்பதால், போனது வெளியே தெரியாது. ஆகவே பாரிசுத் தெருவில் "பிரஞ்சுப் பெண்ணின் கூந்தல் அழகு" என்று வெளிநாட்டான் வியந்ததில் எவ்வளவு அவள் தலையில் முளைத்தது, எவ்வளவு பிரிட்டனிச் சந்தையில் முளைத்தது என்பதை யார் கணக்குச் சொல்ல முடியும்?

இந்த வியாபாரம் செத்துப்போகவில்லை. ஆள்தான் மாறியிருக்கிறது. திருப்பதியில் நம் பெண்கள் மொட்டையடித்துக் கொடுக்கிற மயிரை ஏலத்தில் விட்டு, அது கப்பலேறி ஐரோப்பாவின் சிகையலங்காரக் கடைகளுக்கும் போகிறதென்பது உலகறிந்த சங்கதி. பிரிட்டனிப் பெண்ணுக்காவது ஒரு கைக்குட்டை கிடைத்தது. நம் பெண்ணோ சாமிக்குக் கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டு, கையிலிருந்த காசையும் உண்டியலில் போட்டுவிட்டு வருகிறாள். சாமிக்கு மயிர் வேண்டியிருந்தால் சாமியல்லவா வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? ஏலக்காரன் எதற்கு?

இனி "கிராப்" வந்த கதைக்கு வருவோம். 1909-ல் பாரிசில் அந்துவான் என்ற சிகையலங்காரக்காரர் ஈவ் லவாலியேர் என்னும் நாடக நடிகையின் மயிரைக் கட்டையாக வெட்டினார். அவரும் போலந்து தேசத்திலிருந்து வந்த வெளிநாட்டாரே. ஜோன் ஆப் ஆர்க் என்ற வீரப்பெண்ணின் தலையை மனதில் வைத்து வெட்டினதாகச் சொல்லுவார்கள். அந்த ஜோன் யார்? இங்கிலீஷ்காரரை எதிர்த்துப் பிரஞ்சுப் படையை நடத்திய குடியானப் பெண். 1431-ம் வருஷம் மே 30-ந் தேதி ருவான் நகரத்தில் அவளை உயிரோடு கொளுத்தினார்கள். பிஷப்பும் பாதிரிகளும் உட்கார்ந்து விசாரித்த அந்த வழக்கில் அவள்மேல் சாட்டிய குற்றங்களில், ஆண் உடை உடுத்தினாள், ஆண்பிள்ளையைப் போல் மயிரை வெட்டிக்கொண்டாள் என்பவையும் சேர்ந்திருந்தன. அதே மத ஸ்தாபனம் 1920-ல் அவளை அர்ச்சிஷ்டவள் என்று பிரகடனம் செய்து சிலை வைத்துக் கும்பிடச் சொன்னது. மயிரை வெட்டினதற்காகக் கொளுத்தவும் அவர்களுக்கே அதிகாரம். கொளுத்தப்பட்டவளைக் கும்பிடச் சொல்லவும் அவர்களுக்கே அதிகாரம்! நடுவில் கழிந்த வருஷங்கள் 489.

1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தத்தில் பிரஞ்சு ஆண்மக்கள் 13 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆண்கள் போர்முனைக்குப் போன இடத்தில் பெண்கள் வெடிமருந்துச் சாலையிலும், வயலிலும், ஆபீசிலும், டிராம் வண்டியிலும் வேலை செய்தார்கள். சுழலும் எந்திரத்துக்குப் பக்கத்தில் நீண்ட கூந்தல் ஆபத்து. வேலைக்கு ஓடுகிறவளுக்கு மணிக்கணக்காகச் சிக்கெடுக்க நேரமில்லை. யுத்தம் முடிந்தபின் வந்த பத்து வருஷத்தில் கத்தரித்த தலை பாரிசிலிருந்து கிராமம்வரை பரவியது. உடனே கூக்குரல் கிளம்பிற்று. குடும்பம் அழிந்தது, தாய்மை ஒழிந்தது, ஆண் எது பெண் எது என்று தெரியவில்லை என்று பத்திரிகைகள் ஒப்பாரி வைத்தன. மகளின் மயிரை வெட்டிவிட்டான் என்று சிகையலங்காரக்காரன்மேல் நியாயஸ்தலத்துக்குப் போன தகப்பனும் உண்டு. விக்டர் மார்கெரித் என்பவர் 1922-ல் இப்படிப்பட்ட ஒரு பெண்ணைக் கதாநாயகியாக வைத்து "லா கார்சோன்" என்று ஒரு நாவல் எழுதினார். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. அவருக்குக் கொடுத்திருந்த பெரிய கௌரவப் பட்டத்தைச் சர்க்கார் 1923-ல் பிடுங்கிக்கொண்டது. 1925-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஜோசபைன் பேக்கர் என்ற நீக்ரோ நடனமாதின் படிய வாரிய கட்டைத் தலையைப் பார்த்து, பாரிசு வெள்ளைக்காரிகள் அதே மாதிரி வாரிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அவள் பெயரைப் போட்டுத் தலைக்குப் பூசும் தைலமும் விற்றார்கள்.

அந்தக் காலத்தில் டாலரைக் கையில் வைத்துக்கொண்டு பாரிசுக்கு வந்து குவிந்த வெளிநாட்டார் என்ன நினைத்தார்கள்? கத்தரித்த தலையோடு, குட்டைப் பாவாடையோடு, சிகரெட் பிடித்துக்கொண்டு காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து, உலகத்திலேயே விடுதலையடைந்த பெண் இவள்தான் என்று நினைத்தார்கள். அதே வருஷங்களில் அந்தப் பெண்ணின் உரிமைக் கணக்கு எப்படி இருந்தது என்பதைப் பார்ப்போம்.

1919 மே மாதத்தில் பிரஞ்சுக் கீழ்ச்சபை பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்கலாம் என்று 344-க்கு 97 என்ற கணக்கில் தீர்மானித்தது. 1922 நவம்பரில் மேல்சபைக் கிழவர்கள் 156-க்கு 134 என்று அதைத் தள்ளிவிட்டார்கள். அதற்கு முன்பே 1920 ஜூலை 31-ந் தேதி ஒரு சட்டம் செய்து, கர்ப்பத்தடையைப் பற்றிப் பிரசாரம் செய்வதே குற்றம் என்று ஆக்கிவிட்டார்கள். யுத்தத்தில் செத்த ஆண்களுக்குப் பதில் பிள்ளை பெற்றுத் தருவது அவள் கடமையாம்! 1936-ல் மந்திரிசபையில் மூன்று பெண்களை உதவி மந்திரிகளாக வைத்தார்கள். அவர்களில் ஒருவர் அதற்கு முந்தின வருஷம் நோபல் பரிசு பெற்ற ரசாயன நிபுணர் ஐரின் ஜோலியோ கியூரி. அந்த மூன்று பேரும் மந்திரியாக இருக்கலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாது! அவர்கள் வீட்டு வாசலைப் பெருக்குகிற ஆண்பிள்ளைக்கு ஓட்டு உண்டு. அணுவைப் பிளந்து பார்க்கிற பெண்ணுக்கு இல்லை. புருஷனுக்கு மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்ற சட்ட வாசகத்தை 1938-ல்தான் எடுத்தார்கள். புருஷன் சம்மதமில்லாமல் மனைவி ஒரு உத்தியோகம் பார்க்கவும், தன் பெயரில் பாங்கில் கணக்கு வைக்கவும் உரிமை வந்தது 1965-ல். கர்ப்பத்தடை மருந்து சட்டப்படி கிடைத்தது 1967-க்குப் பிறகு. வேண்டாத கர்ப்பத்தைக் கலைக்கும் உரிமை சிமோன் வெய் என்ற பெண் மந்திரியின் முயற்சியால் வந்தது 1975-ல்.

வாசகர்களே, கணக்கைக் கூட்டிப் பாருங்கள். கூந்தலைக் கத்தரித்தது 1920-ஐ ஒட்டி. சம்பாதித்த காசைத் தன் பெயரில் போட முடிந்தது 1965-ல். நடுவில் நாற்பத்தைந்து வருஷம். கத்தரித்த தலையைப் பார்த்து "விடுதலை" என்று எழுதின வெளிநாட்டான், கத்தரியைப் பார்த்தான், பூட்டைப் பார்க்கவில்லை.

இதைச் சொல்லுவதனால் கிராப் வைத்துக்கொண்டது வீண் வேலை என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். ஒரு நாளில் அரைமணி நேரம் மிச்சமானாலும் அது அவளுடைய நேரமே. தகப்பனும் பாதிரியும் வேண்டாம் என்றதைத் தன் தலையிலேயே செய்து காட்டினாளே, அந்தத் துணிச்சல் பெரிது. ஆனால் அது ஆரம்பம். ஆரம்பத்தையே முடிவென்று அவளிடம் சொல்லிச் சந்தோஷப்படுத்தி உட்கார வைத்துவிட்டு, ஓட்டையும் சொத்தையும் உடம்பையும் ஆண்பிள்ளை தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டான் என்பதுதான் நாம் எடுத்துக் காட்டுவது.

பெண்ணின் மயிர் அவளுக்குச் சொந்தமில்லை என்று பிரஞ்சு ஆண்மக்கள் உள்ளூர எண்ணியிருந்தார்கள் என்பதற்கு 1944-ம் வருஷமே போதுமான அத்தாட்சி. அந்த வருஷம் ஏப்ரல் 21-ந் தேதிதான் பெண்களுக்கு ஓட்டுரிமை என்று ஆல்ஜியர்ஸ் நகரத்திலிருந்த தற்கால சர்க்கார் உத்தரவு பிறப்பித்தது. அதே வருஷம் கோடைகாலத்தில், ஜர்மன் படை பின்வாங்கிய பல ஊர்களிலும் கும்பல் கூடி, ஜர்மானியருடன் சிநேகமாக இருந்தாள் என்று சொல்லி இளம்பெண்களை இழுத்துவந்து, நாற்காலியில் உட்கார வைத்துத் தலையை மொட்டையடித்தார்கள். நெற்றியில் தாரினால் ஸ்வஸ்திகா அடையாளம் போட்டதும் உண்டு. கைக்குழந்தையோடு தெருவில் நடத்திக் கூட்டிச் சென்றதும் உண்டு. ஷார்த்ர் நகரத்தில் ஆகஸ்டு மாதம் ராபர்ட் காப்பா என்பவர் எடுத்த படத்தில் அதை இன்றும் பார்க்கலாம். அந்தப் படத்தை எடுத்தவரும் வெளிநாட்டாரே. 1943-க்கும் 1946-க்கும் இடையில் இப்படிச் சிரைக்கப்பட்ட பெண்கள் சுமார் 20,000 பேர் என்று பாப்ரிஸ் விர்ஜிலி என்ற சரித்திர ஆசிரியர் கணக்கிட்டிருக்கிறார். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்மேல் சொன்ன குற்றம், பகைவனோடு படுத்தாள் என்பது. மற்றவர்கள் காட்டிக்கொடுத்தவர்கள், வியாபாரம் செய்தவர்கள், வேலை பார்த்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள்.

காட்டிக்கொடுத்து மனிதர்களைச் சாகடித்தவர்கள் ஆணானாலும் பெண்ணானாலும் தண்டனை அடைய வேண்டியவர்களே. அதில் நமக்கு ஆக்ஷேபணை இல்லை. பகைவனுக்கு உதவின ஆண்களை அந்தக் காலத்தில் சுட்டும் கொன்றார்கள், ஜெயிலிலும் போட்டார்கள். ஆனால் எவனுடைய உடம்பையும் தேசத்தின் சொத்து என்று யாரும் நினைக்கவில்லை. மயிரை இழந்த ஆண்கள் மிகச் சிலரே. பெண் விஷயத்தில் மாத்திரம் நினைத்தார்கள். "எங்கள் சொத்தை நீ அன்னியனுக்குக் கொடுத்தாய், அதனால் உன் அழகை நாங்கள் எடுத்துக்கொள்ளுகிறோம்" என்பதே அந்தக் கத்தரியின் அர்த்தம். புருஷன் செத்தவுடன் பெண்ணின் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்த நம் நாட்டுச் சாஸ்திரத்துக்கும் அர்த்தம் இதுவே. அங்கே தேசபக்தி, இங்கே தர்மம்; பேர் வேறு, கத்தி ஒன்று. அப்படிச் சிரைக்கப்பட்ட தேசத்தில், அடுத்த வருஷம் 1945 ஏப்ரல் 29-ந் தேதி, பெண்கள் முதல்முறையாக ஓட்டுப் பெட்டிக்கு முன் வந்து நின்றார்கள். மொட்டையடித்த மயிர் முழுதும் வளர்ந்திராத தலைகளும் அந்தத் தேசத்தில் அன்று இருந்தன என்பதை மறக்கக் கூடாது.

அது பழைய கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று சிலர் சொல்லலாம். மாறியிருப்பது உண்மை. ஆனால் அடியோடு மாறிவிடவில்லை. 2004 மார்ச் 15-ந் தேதிச் சட்டப்படி சர்க்கார் பள்ளிக்கூடங்களில் மத அடையாளம் வெளிப்படையாகத் தெரியும்படி எதையும் அணியக் கூடாது என்றார்கள். அதனால் முக்கியமாகத் தலைத்துணி அணியும் முஸ்லிம் மாணவிகள் பாதிக்கப்பட்டார்கள். அந்த வருஷம் அக்டோபரில் ஸ்திராஸ்பூர் நகரத்தில் பதினைந்து வயதுள்ள ஒரு மாணவி, துணியை எடுத்துவிட்டு மொட்டைத் தலையோடு பள்ளிக்குள் போனாள். பாடத்திலும் நிர்வாகத்திலும் மதம் நுழையக் கூடாது என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. பெண்ணின் தலைமயிர் தெரிந்தால் பாவம் என்று சொல்லுகிற எந்த மதத்தையும் நாம் ஒப்புக்கொள்ளப் போவதுமில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறோம். மூடு என்பது மதகுருவின் உத்தரவு. எடு என்பது சர்க்கார் உத்தரவு. இரண்டு உத்தரவுக்கும் நடுவில் நிற்கிற அந்தச் சிறு பெண்ணிடம், "உனக்கு என்ன இஷ்டம், ஏன்?" என்று உட்கார்ந்து கேட்டவர் யார்? அறிவைக் கொடுத்துத் துணியை அவளே எடுக்கும்படி செய்வது ஒரு வழி. அதற்கு நாளாகும். உத்தரவு போடுவது இன்னொரு வழி. அது ஒரு நாளில் முடிந்துவிடும், ஆனால் அவள் அறிவில் ஒரு அணுவும் கூடாது. அல் தஹ்தாவி 1834-ல் சொன்னது இதைத்தான்.

2023 டிசம்பரில் ஈவ் ஜில் என்ற 20 வயதுப் பெண்ணுக்கு அந்தத் தேசத்தின் அழகிப் பட்டம் கிடைத்தது. அவளுக்குக் கட்டைக் கிராப். அந்தப் போட்டியின் சரித்திரத்திலேயே கட்டை மயிரோடு பட்டம் பெற்ற முதல் பெண் அவள்தான் என்று சொல்லப்பட்டது. உடனே, இவள் பெண்ணைப் போலவே இல்லையே என்று ஆயிரக்கணக்கான வாய்கள் திறந்தன. அழகிப் போட்டி என்பதே பிரிட்டனிச் சந்தையின் மறுபிறப்பு என்பது நமது கருத்து. அது வேறு விஷயம். நாம் கவனிக்க வேண்டியது, கிராப் வந்து நூறு வருஷம் கழிந்த பிறகும் கிராப்புக்கு வசவு என்பதை.

அன்றியும், "பிரஞ்சுப் பெண்ணின் கூந்தல்" என்று வெளிநாட்டார் எழுதும்போது அவர்கள் கண்ணுக்குத் தெரிவது பாரிசின் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியே. ஆப்பிரிக்காவிலிருந்தும், கரீபியன் தீவுகளிலிருந்தும் வந்த வம்சத்தில் பிறந்து, பிரஞ்சுப் பிரஜைகளாகவே இருக்கிற சுருட்டை மயிர்ப் பெண்கள் அந்த வர்ணனையில் இல்லை. அவர்களோ, உத்தியோகத்துக்குப் போகுமுன் மருந்து போட்டும் சூடு வைத்தும் மயிரை நேராக்க வேண்டியவர்களாய் இருக்கிறார்கள். மயிரின் நீளம், நிறம், சுருட்டை, வாரும் மாதிரி ஆகியவற்றைக் காரணமாக வைத்து யாரையும் வேலையில் தாழ்த்தக் கூடாது என்று குவாதலூப் தீவின் பிரதிநிதி ஒருவர் கொண்டுவந்த மசோதாவைப் பிரஞ்சுக் கீழ்ச்சபை 2024 மார்ச் 28-ந் தேதி ஒப்புக்கொண்டது. ஆண்களுக்கும் இந்தத் தொல்லை இல்லாமலில்லை. பெண் சிப்பந்திகள் பின்னிக்கொள்ளலாம், ஆண் சிப்பந்தி பின்னக் கூடாது என்று ஒரு விமானக் கம்பெனி வைத்திருந்த விதி செல்லாது என்று அத்தேசத்தின் உயர்ந்த நியாயஸ்தலம் 2022 நவம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மெனக்கெடாத தலையே பிரஞ்சுத் தலை என்பது மெய்யானால், இத்தனை வழக்கும் மசோதாவும் எதற்கு?

ஆகவே நாம் சொல்ல வந்தது இதுதான். ஒரு தேசத்துப் பெண்கள் விடுதலை அடைந்திருக்கிறார்களா என்று பார்க்கப் போகிறவன், கூந்தல் நீளமா குட்டையா, முடிச்சா பின்னலா, மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை. நான்கு கேள்வி கேட்க வேண்டும். இந்த மாதிரியை அவளே தெரிந்தெடுத்தாளா? நாளைக்கு மாற்ற நினைத்தால் யாருடைய உத்தரவு வேண்டும்? மாற்றினால் சோறு போகுமா, வேலை போகுமா, உதை விழுமா? இதில் யாருக்குப் பணம் சேருகிறது? இந்த நான்குக்கும் பதில் தெரியாமல் எழுதுகிற வர்ணனை எல்லாம் கடை விளம்பரத்துக்குத்தான் உதவும்.

நம் நாட்டிலும் இரண்டு கட்சிக்காரர் இருக்கிறார்கள். மேல்நாட்டுப் பெண்ணின் தலையைப் பார்த்து, கெட்டுப்போய்விட்டாள் என்பவர் ஒரு கட்சி. அதே தலையைப் பார்த்து, அதுவே நாகரிகம், நீயும் அப்படிச் செய் என்று மனைவியிடம் சொல்லுபவர் இன்னொரு கட்சி. முதல் கட்சிக்காரரைப் பற்றி நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது கட்சியில் நம் தோழர்கள் சிலரும் இருப்பதனால் அவர்களுக்கே இதைச் சொல்லுகிறோம். பெண்கள் கிராப் வைத்துக்கொள்ளட்டும் என்று நம் இயக்கம் சொன்னது, அவர்கள் நேரமும் சுகமும் மிச்சமாகட்டும், அலங்காரப் பொம்மை என்ற நினைப்பு ஒழியட்டும் என்பதற்காக. புருஷன் உத்தரவால் நீட்டின கூந்தலைப் புருஷன் உத்தரவாலேயே கத்தரித்துக்கொள்ளட்டும் என்பதற்காக அல்ல. மனைவிக்குக் கிராப் வெட்டிக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, அவள் சம்பளத்தையும் பெட்டிச் சாவியையும் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு மேடையில் பெண் விடுதலை பேசுகிற தோழர் யாராவது இருந்தால், அவரும் 1922-ல் ஓட்டைத் தள்ளின பிரஞ்சு மேல்சபைக் கிழவரும் ஒரே ஜாதி என்று நாம் தாட்சண்யமில்லாமல் சொல்லுவோம்.

வெட்டின மயிர் தானாக வளரும். பிடுங்கின உரிமை தானாக வளராது. கேட்டுப் போராடி வாங்கினால்தான் உண்டு. பிரஞ்சுப் பெண்கள் அப்படித்தான் ஒவ்வொன்றாக வாங்கியிருக்கிறார்கள், இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது கொண்டை போடும் மாதிரியை அல்ல, அந்தப் போராட்டத்தை. தோழர்கள் இதைப் படித்து முடித்ததும் வீட்டிலுள்ள பெண்களுக்கும் படித்துக் காட்டட்டும். அவர்களே படிக்கக்கூடியவர்களானால் பத்திரிகையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் சொல்லப்போகிற பதிலைக் குறுக்கே பேசாமல் கேட்கட்டும்.